அப்பாவின் மணிக்கட்டில் என் குரல்

ஒரு வீட்டில் எதெல்லாம் ஆபத்து என்று பாதுகாப்புப் படிப்பு படித்தவர்களிடம் கேட்டால் வாசல்படியிலிருந்து மொட்டைமாடி வரை வரிசையாகச் சொல்வார்கள். அந்த வரிசையில் தங்கள் பெயரை மட்டும் சேர்க்க மாட்டார்கள். நானும் சேர்க்கவில்லை.

துவாக்குடி பக்கத்தில், கொதிகலன் பாகங்கள் செய்யும் ஒரு சிறிய தொழிற்சாலையில் நான் பாதுகாப்புப் பொறியாளர். தலைக்கவசம் போடாமல் யார் உள்ளே வந்தாலும் நிறுத்திக் கேட்பது என் வேலை. (முதலாளியையும் ஒரு தரம் நிறுத்தினேன். மறுபேச்சில்லாமல் போட்டுக்கொண்டார். அதன்பிறகு அந்தப் பக்கம் வருவதையே குறைத்துக்கொண்டார்.) எதைப் பார்த்தாலும் இது யார் தலையில் விழும், இதில் யார் தடுக்குவார் என்றுதான் எனக்குத் தோன்றும். கல்யாணத்துக்குப் போனால் மாப்பிள்ளையைப் பார்ப்பதற்கு முன் அவசர வழி எங்கே என்று பார்ப்பேன். இப்படி ஒரு பெண்ணைப் பெற்றவருக்கு எழுபது தாண்டிய வயதில் குளியலறையில் கால் வழுக்கக் கூடாது. அப்பாவுக்கு வழுக்கியது.

ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் சாலையை ஒட்டிய ஒரு அடுக்ககத்தில் இருக்கிறோம். அப்பா, அம்மா, நான். அன்று காலை அப்பா ஈரவேட்டியைப் பிழிந்துகொண்டே திரும்பியவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். முழங்கையில் ஒரு சிராய்ப்பு. டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, எலும்பெல்லாம் நன்றாக இருக்கிறது, போய்க் காபி சாப்பிடுங்கள் என்று அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் அப்பா அம்மாவிடம், "ரொம்ப நாளா உட்கார எடம் தேடிண்டிருந்தேன், இன்னிக்குக் கெடைச்சுது" என்றார். அம்மா சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அளவு நாடாவை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போனேன்.

விழுந்தவர் அப்பா. பயம் வந்தது எனக்கு. அந்தப் பயத்தை அடுத்த சில மாதங்களில் கொஞ்சம் கொஞ்சமாக அவர் பெயருக்கு மாற்றிக் கொடுத்தேன்.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் சரக்கு ரயிலில் கார்டாக இருந்தவர். ஆடுகிற கடைசிப் பெட்டியில் நின்றுகொண்டே சாப்பிட்டு, நின்றுகொண்டே எழுதி, ஒரு கையில் கொடியைப் பிடித்தபடி பாதி வாழ்க்கையை ஓட்டியவர். அவருக்கு அசையாத தரையில் எப்படி நடப்பது என்று நான் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தேன்.

முதலில் குளியலறையில் கைப்பிடிகள். அதில் தப்பில்லை, இன்றைக்கும் இருக்கின்றன. அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமே இருந்திருக்காது. அடுத்து மிதியடிகள் போயின. பரணில் இருந்து சாமான் எடுக்கும் ஸ்டூல் போயிற்று. வாசலில் அம்மா போடும் மாக்கோலம் வழுக்கும் என்று சொல்லி, ஒட்டுகிற கோலம் ஒன்றை வாங்கி ஒட்டினேன். (அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அந்தக் கோலத்தின் மேலேயே நின்றுகொண்டு பேசவில்லை.) தரையில் உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்தி மேஜை போட்டேன். வீட்டுப் பெருமாள் சன்னதி முன்னால் இருந்த மணைக்குப் பதில் நாற்காலி. காலையில் உத்தர வீதியைச் சுற்றிக்கொண்டு கோயிலுக்குப் போய் வருவார். அங்கே பூக்காரர்கள் தெளிக்கும் தண்ணீர், மாடு, ஆட்டோ, கூட்டம் எல்லாவற்றையும் மதிப்பிட்டுப் பார்த்ததில் எல்லாமே சிவப்பில் வந்தன. "இங்கேயே வராந்தாவுல நடப்பா, லிஃப்ட்லேர்ந்து மாடிப்படி வரைக்கும்" என்றேன்.

"அங்கே யாரைம்மா சேவிக்கறது? லிஃப்ட்டையா?" என்றார்.

சேவிப்பது என்றால் எங்கள் வீடுகளில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து வணங்குவது. பெருமாளுக்கும் பெரியவர்களுக்கும். எங்கள் குடும்பத்தில் நாலு தரம் சேவிக்க வேண்டும். விழுந்து எழுந்து, மறுபடி விழுந்து எழுந்து. இதை நான் விட்டுவைப்பேனா?

"எழுபதுக்கு மேல கையைக் கூப்பினா போதும்ப்பா. பெருமாள் புரிஞ்சுப்பார்."

"அவர் புரிஞ்சுப்பார். எனக்குன்னா திருப்தியா இருக்கணும்."

ஆனால் கேட்டுக்கொண்டார். நான் சொன்ன எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். அதுதான் கஷ்டம். சண்டை போட்டிருந்தால் நானும் கொஞ்சம் யோசித்திருப்பேன். வீட்டில் அவர் எழுந்தால் நான் "பாத்துப்பா" என்பேன். திரும்பினால் "பாத்து". செருப்பை மாட்டினால் "பாத்து, பாத்து". ஒரு மனிதரிடம் இந்த வார்த்தையை எவ்வளவு சொல்லலாம் என்பதற்கு எந்தப் பாதுகாப்புக் கையேட்டிலும் வரம்பு போடவில்லை. சில வாரங்களில் அப்பா சுவரைத் தொட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். லிஃப்டில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். எச்சரிக்கை உணர்வு வந்துவிட்டது என்று நான் திருப்திப்பட்டேன்.

அதன்பிறகுதான் அந்தக் கடிகாரத்தை வாங்கினேன்.

கட்டியிருப்பவர் விழுந்தால் அது தானே கண்டுபிடித்துவிடும். முதலில் கையில் அதிரும். அரை நிமிடத்துக்குள் பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தினால், ஒன்றுமில்லை என்று விட்டுவிடும். அழுத்தாவிட்டால் நாம் பதிந்து வைத்திருக்கும் எண்களுக்கெல்லாம், விழுந்த இடத்தின் முகவரியோடு செய்தி போகும். கூடவே அக்கம்பக்கத்தில் இருப்பவர்களுக்காக ஒரு குரல் அறிவிப்பும் ஒலிக்கும். அந்த அறிவிப்பு ஆங்கிலத்தில் இருந்தது. நம் குரலிலேயே மாற்றிப் பதியலாம் என்று போட்டிருந்தது.

மாற்றிப் பதிந்தேன். தொழிற்சாலையில் அடிபட்டவர்களைக் கண்டபடி தூக்கக் கூடாது என்று மாதம் ஒரு தரம் வகுப்பெடுப்பவள் நான். அதே குரல், அதே நிதானம்.

"கவனிக்கவும். இந்தக் கருவியை அணிந்திருப்பவர் கீழே விழுந்திருக்கிறார். அவரைத் தூக்க வேண்டாம். அசைக்க வேண்டாம். சுற்றி நின்று காற்றை மறைக்க வேண்டாம். உதவி வந்துகொண்டிருக்கிறது."

அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "நன்னா இருக்கு. பிளாட்பாரத்துல வண்டி லேட்டுன்னு சொல்றவா மாதிரியே இருக்கு" என்றார். (பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.) உணர்திறனை அதிகபட்சத்தில் வைத்தேன். ஒலியையும் அதிகபட்சத்தில் வைத்தேன். பெரியப்பா, அத்தைகள், அவர்கள் பிள்ளைகள், எங்கள் அடுக்ககத்துக் காவலாளி என்று கையில் கிடைத்த எண்ணையெல்லாம் சேர்த்தேன். எதிலும் அரைகுறையாக இருப்பது எனக்குப் பிடிக்காது.

கடிகாரத்தைக் கழற்றினால் என் கைபேசிக்குச் செய்தி வரும். தினமும் காலையில், நான் கம்பெனி பஸ் ஏறிய கொஞ்ச நேரத்தில், கழற்றப்பட்டது என்று வர ஆரம்பித்தது. பஸ்ஸிலிருந்தே கூப்பிடுவேன்.

"அப்பா, கடியாரம் எங்கே?"

"குளிக்கப் போறேம்மா."

"அது தண்ணில நனைஞ்சாலும் ஒண்ணும் ஆகாது. அதோடயே குளிக்கலாம்."

"அப்படியா, சரிம்மா."

மறுநாள் மறுபடி கழற்றப்பட்டது. அம்மாவிடம் கேட்டேன். "எனக்கென்னடி தெரியும்? நான் அடுப்படியில இருக்கேன்" என்றாள். அம்மா அவ்வளவு வேகமாகப் பதில் சொல்லி நான் கேட்டதே இல்லை. அப்போது அது உறைக்கவில்லை.

பெரியப்பாவின் சதாபிஷேகம் வந்தது. எண்பது நிறைந்தவருக்குச் செய்யும் வைபவம். பெரியப்பா அப்பாவின் ஒரே அண்ணா; எடமலைப்பட்டி புதூரில் மகன் ஸ்ரீதரோடு இருந்தார். தாத்தா போனபோது அப்பா பள்ளிக்கூடத்தில் இருந்தார். அதன்பிறகு அவரைப் படிக்க வைத்து, ரயில்வே பரீட்சைக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்து, முதல் நாள் வேலைக்கு ஜங்ஷனில் கொண்டுபோய் விட்டது வரை பெரியப்பாதான். அப்பாவுக்கு இந்த உலகத்தில் விழுந்து சேவிக்க மீதியிருந்த ஒரே பெரியவர் அவர். விசேஷத்துக்குப் பல வாரம் முன்னாலிருந்தே அப்பா அதே நினைப்பாகத்தான் இருந்தார். புது வேஷ்டி வாங்கினார். அதை எடுத்துப் பார்ப்பார், மடித்து வைப்பார்.

நானும் என் பங்குக்கு ஏற்பாடு செய்தேன். குடும்பக் குழுவில் ஒரு செய்தி அனுப்பினேன். 'அப்பாவுக்கு இப்போது முட்டி சரியாக இல்லை. விழுந்து சேவிக்க முடியாது. யாரும் வற்புறுத்த வேண்டாம். மேடைக்கு அருகே கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்று தேவை.' அப்பாவும் அந்தக் குழுவில் இருக்கிறார். படித்தார். புது வேஷ்டியை மறுபடி எடுத்து மடித்து வைத்தார்.

அன்று காலை மண்டபத்துக்குக் கிளம்பும்போது அவர் கை வெறுமையாக இருந்தது.

"கடியாரம் எங்கேப்பா?"

"பஞ்சகச்சத்துக்கும் அதுக்கும் பொருந்தலேம்மா. இன்னிக்கு ஒரு நாள் இருக்கட்டுமே."

"இன்னிக்குத்தான் கூட்டம் ஜாஸ்தி." நானே போய் எடுத்து வந்து, காரில் அவர் கையை என் மடியில் வைத்து, வாரை ஒரு துளை கூடவே இறுக்கிக் கட்டினேன். அவர் ஜன்னல் வழியாக ராஜகோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தை இப்போது நினைத்தால் எல்லாம் புரிகிறது. அப்போது கூட்டத்தைப் பார்த்துக் கவலைப்படுகிறார் என்று நினைத்தேன்.

அபிஷேகம் ஆகி, மாலையும் கழுத்துமாகப் பெரியப்பாவும் பெரியம்மாவும் மேடையில் உட்கார்ந்திருந்தார்கள். சடங்கை நடத்தி வைத்த வாத்தியார் வாய்க்கு நேரே ஒலிவாங்கியை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். "தம்பி சடகோபன், வாங்கோ." அட்சதைத் தட்டை எடுக்கக் குனிந்த வாத்தியார், ஒலிவாங்கியைப் பெரியப்பாவின் பாதத்துக்குப் பக்கத்தில், தரையில் வைத்தார்.

அப்பா நாற்காலியிலிருந்து எழுந்தார். நான் பின்னாலேயே போனேன். கை கூப்புவார், அட்சதை வாங்குவார், திரும்புவார். அதுதான் திட்டம். அவர் உத்தரீயத்தை இடுப்பில் கட்டினார். ஒரு முழங்காலை ஊன்றினார். இன்னொன்றை ஊன்றினார். கைகளை முன்னால் வைத்து, அவசரமே இல்லாமல், அழகாக, நெடுஞ்சாண்கிடையாகப் படுத்துவிட்டார்.

"அப்பா" என்றேன். நாதஸ்வரச் சத்தத்தில் அது கேட்கவில்லை.

அவர் எழுந்தார். கையை ஊன்றி, முழங்காலுக்கு வந்து, ஒரு காலை முன்னால் வைத்து, யாரையும் பிடிக்காமல் எழுந்தார். பெரியப்பாவின் முகம் மலர்ந்தது. இரண்டாம் தரம் விழுந்தார். எழுந்தார். கையில் கடிகாரம் அதிர்ந்துகொண்டிருந்திருக்க வேண்டும். கவனிக்கிற நிலையில் அவர் இல்லை. மூன்றாம் தரம் விழுந்து, இரண்டு கையையும் அண்ணாவின் பாதத்தை நோக்கி நீட்டினார். இடது மணிக்கட்டு சரியாக ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

"கவனிக்கவும்" என்றேன் நான், மண்டபத்தின் நான்கு மூலையிலிருந்தும்.

நாதஸ்வரம் நின்றது. மேளக்காரர் குச்சியைத் தூக்கியபடி இருந்தார். "இந்தக் கருவியை அணிந்திருப்பவர் கீழே விழுந்திருக்கிறார்." அப்பாவுக்குக் கை கொடுக்கலாம் என்று குனிந்த ஸ்ரீதர் அண்ணா அப்படியே நின்றுவிட்டார். "அவரைத் தூக்க வேண்டாம்." ஸ்ரீதர் அண்ணா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "அசைக்க வேண்டாம்." பந்திக்கு எழுந்தவர்களும் அசையவில்லை. "சுற்றி நின்று காற்றை மறைக்க வேண்டாம்." மேடையைச் சுற்றி நின்றவர்கள் ஒரு அடி பின்வாங்கினார்கள். வாத்தியாரும் பின்வாங்கினார், அட்சதைத் தட்டோடு. அடுத்த நொடி மண்டபம் முழுக்கக் கைபேசிகள் கிணுகிணுத்தன. அத்தைகள் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, சடகோபன் விழுந்துவிட்டார் என்று படித்தார்கள். நிமிர்ந்து பார்த்தார்கள். எதிரே சடகோபன் விழுந்துதான் கிடந்தார்.

என் வகுப்பில் உட்காரும் தொழிலாளர்கள்கூட என்னை இவ்வளவு சிரத்தையாகப் பின்பற்றியதில்லை.

அப்பா தலையை மட்டும் தூக்கினார். தரையிலிருந்தே பொத்தானைத் தேடினார். நான் இறுக்கிக் கட்டியதில் வார் திரும்பிப் பொத்தான் உள்பக்கம் போயிருந்தது. அதைத் திருப்பிக்கொண்டே அவசரமாக எழுந்தார். நிதானமாக எழுந்தவரைத்தான் அதற்கு முன் இரண்டு தரம் பார்த்திருந்தோம். அவசரமாக எழுந்தவர் பாதியில் தடுமாறி, பொத்தென்று உட்கார்ந்தார். பெரியப்பா பதறிக் குனிய, மாலை அவர் முகத்தை மறைக்க, அவரும் நாற்காலியிலிருந்து சரிய, ஸ்ரீதர் அண்ணா ஒரு கையால் அப்பாவையும் இன்னொரு கையால் தன் அப்பாவையும் பிடித்துக்கொண்டு, "யாராவது அதை நிறுத்துங்களேன்" என்றார். கடிகாரம் இரண்டாவது தரம் முதலிலிருந்து ஆரம்பித்திருந்தது.

நாலு பேர் சேர்ந்து அப்பாவைத் தூக்கி, நான் கேட்டு வாங்கிய கைப்பிடி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். ஒரு பெட்டியை இறக்கி வைப்பது போல.

"மூணுதான் ஆச்சு அண்ணா" என்றார் அப்பா, மூச்சு வாங்கிக்கொண்டு.

"போறும்டா. நாலாவது பாக்கியா இருக்கட்டும். அப்பத்தான் மறுபடி வருவே" என்றார் பெரியப்பா.

அதோடு முடிந்திருக்கும். பந்தியில் பாயசம் வந்த சமயம், வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. செய்தி போனவர்களில் மண்டபத்தில் இல்லாத ஒரே ஆள் எங்கள் அடுக்ககத்துக் காவலாளி. நான் பழக்கி வைத்திருந்தபடி அச்சுப் பிசகாமல் கூப்பிட்டுவிட்டார். ஸ்ட்ரெச்சரோடு உள்ளே வந்த இரண்டு பேரும் மாலையோடு சாய்ந்து உட்கார்ந்திருந்த பெரியப்பாவைப் பார்த்தார்கள், நேரே அவரிடம் போனார்கள்.

"ஐயா, எங்கங்க அடிபட்டுச்சு?"

"எனக்கு ஒண்ணுமில்லேப்பா. அதோ, அவன்தான். என் தம்பி. என்னைச் சேவிச்சான்."

"சேவிச்சதுக்காங்க கூப்பிட்டீங்க?"

"நாங்க கூப்பிடலே. எங்காத்துப் பொண்ணு ஒருத்தி இருக்கா. இன்ஜினியர்."

அவர்கள் திரும்பி என்னைப் பார்த்தார்கள். இலையில் முகம் புதைக்க முடியுமா என்று பார்த்தேன். பாயசம் சூடாக இருந்தது. நான் எழுந்து போய் மன்னிப்புக் கேட்டேன். நிஜமாக விழுந்த ஒருவருக்கு அந்த வண்டி அந்த நேரத்தில் தேவைப்பட்டிருக்கலாம் என்பதை அவர்கள் சொல்லவில்லை. எனக்கே தெரியும். நான்தானே பாதுகாப்பு.

ஊரே சிரித்தது. அப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்தார். ராத்திரி வீட்டில், அவர் தூங்கப் போனபிறகு அம்மா பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"காலம்பற நீ கெளம்பினதும் கடியாரத்தைக் கழட்டி வெச்சுட்டு, ஜமக்காளத்தை விரிச்சுண்டு படுப்பார். எழுந்துப்பார். மறுபடி படுப்பார். மொதல்ல கட்டிலைப் பிடிச்சுண்டு. அப்புறம் என் தோளை. போன வாரம்தான் எதையும் பிடிக்காம எழுந்துண்டார். என்னைக் கூப்பிட்டுக் காமிச்சார்டி."

"ஏம்மா என்கிட்ட சொல்லலே?"

"சொல்லியிருந்தா ஜமக்காளத்தை எடுத்துண்டு போயிருப்பே."

எடுத்துக்கொண்டுதான் போயிருப்பேன்.

மறுநாள் பஸ்ஸில் கைபேசியைப் பார்த்துக்கொண்டே போனேன். கழற்றப்பட்டது என்ற செய்தி வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. அப்பா கடிகாரத்தைக் கழற்றுவதையே விட்டுவிட்டார். தண்ணீர்ப் புட்டியை எடுக்கக் குனிவதற்கு முன்னால்கூட ஒரு தரம் அதைப் பார்த்துக்கொண்டார். ஜமக்காளம் பீரோவுக்குள் போயிற்று. கோயிலுக்கு அம்மா மட்டும் போய்த் தீர்த்தம் கொண்டுவந்து கொடுத்தாள். மாதக்கணக்காக நான் எதைக் கேட்டேனோ அதெல்லாம் எனக்குக் கிடைத்துவிட்டது. அறிவிப்பை அழித்தேன், உணர்திறனைக் குறைத்தேன், "இனிமே கழட்டிடேன்ப்பா" என்று நானே சொன்னேன். "இருக்கட்டும்மா. அது இருந்தா ஒரு தைரியம்" என்றார்.

பெரியப்பா வாராவாரம் கூப்பிடுவார். "டேய், நாலாவது பாக்கி இருக்கு. எப்போ வரே?" அப்பா, "வரேன் அண்ணா, கால் கொஞ்சம் சரியாகட்டும்" என்பார். அவர் காலுக்கு ஒன்றும் இல்லை. அதற்குள் ஒன்று வந்திருந்தது என்பதும் நிஜம். நடக்காமல், குனியாமல், உட்காராமல் இருந்ததில் தொடைகள் மெலிந்திருந்தன. ஓட்டாமல் நிறுத்தி வைக்கும் இயந்திரம்தான் முதலில் பழுதாகும் என்று புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நான் பாடம் எடுப்பதுண்டு.

தை பிறந்த சில நாளில், ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்த பெரியப்பா எழுந்திருக்கவில்லை.

எடமலைப்பட்டி புதூர் வீட்டில் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். நாங்கள் உள்ளே நுழைந்ததும் யாரோ ஓடிப்போய் அப்பாவுக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். என் பழைய செய்தியை யாரும் மறக்கவில்லை. சின்னவர்கள் ஒவ்வொருவராக வந்து சேவித்தார்கள். அப்பா எழுந்து பாதத்தருகே போய் நின்றார். வெகுநேரம் நின்றார். பிறகு என் பக்கம் திரும்பி, மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கும்படி கேட்டார்.

"ரஞ்சனி, நான் கீழே உட்காரலாமா?"

ஆடுகிற ரயிலில் பாதி வாழ்க்கை நின்றவர், தன் அண்ணாவின் காலடியில் உட்காரலாமா என்று என்னிடம் அனுமதி கேட்டார்.

"உட்காருப்பா. நான் இருக்கேன்" என்றேன். அவர் கொஞ்சம் குனிந்தார். முழங்கால் நடுங்கியது. நிமிர்ந்துவிட்டார். "வேண்டாம்மா. எழுந்துக்க முடியலேன்னா எல்லாரும் பார்ப்பா" என்றார். கையைக் கூப்பிக்கொண்டு நின்றார். நான் சொல்லிக்கொடுத்தபடி.

காரியங்கள் முடிந்த மறுவாரம் நான் பீரோவைத் திறந்து ஜமக்காளத்தை எடுத்து விரித்தேன். பிசியோதெரபிப் பெண்மணி ஒருவர் வீட்டுக்கு வந்து பார்த்தார். தரையில் உட்கார்ந்து எழுவதைப் பழகத்தான் வேண்டும், விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் அடங்கி உட்காருவதுதான் விழவைக்கும் என்றார். "இவ்வளவு நாள் யாருங்க இதெல்லாம் வேண்டாம்னு சொன்னது?" என்று கேட்டார். அப்பா என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. "டாக்டர் யாரோ சொன்னதா ஞாபகம்" என்றார். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கட்டிலைப் பிடித்து எழுவதற்கே கோடைக்காலம் ஆகிவிட்டது. கடிகாரம் இப்போது அலமாரியில், நாளும் கிழமையும் மட்டும் காட்டிக்கொண்டு கிடக்கிறது. வாசலில் ஒட்டிய கோலத்தை அம்மா சுரண்டி எடுத்துவிட்டாள். ஓரம் கொஞ்சம் இன்னும் போகவில்லை.

குடும்பத்தில் அந்த அறிவிப்பு எல்லாருக்கும் மனப்பாடம். ஸ்ரீதர் அண்ணாவின் பேரக்குழந்தை தத்தித் தத்தி நடந்து தொப்பென்று விழுந்தால், நாலு பேர் சேர்ந்து என் குரலில் சொல்கிறார்கள். கல்யாணங்களில் யார் சேவிக்கக் குனிந்தாலும் பின்னாலிருந்து ஒரு "கவனிக்கவும்" வரும். மணப்பெண்கள்கூடத் தப்புவதில்லை. என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடமும் சொல்லியிருக்கிறார்கள். (அவர்கள் மறுபடி வரவில்லை. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று அம்மா சொல்கிறாள்.)

பெரியப்பாவின் வருஷாப்தீகத்துக்கு, முதல் வருஷத் திதிக்கு, எடமலைப்பட்டி புதூர் போனோம். எல்லாம் முடிந்து, வந்தவர்கள் கூடத்தில் கலைந்து உட்கார்ந்திருந்தார்கள். அப்பா உத்தரீயத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு பெரியப்பாவின் படத்துக்கு முன்னால் போய் நின்றார். பேச்சு அடங்கியது. ஒரு முழங்காலை ஊன்றினார். இன்னொன்று. கைகளை வைத்து, மெல்லப் படுத்தார். நெற்றி தரையில் பட்டது.

எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தேன். இன்னும் கொஞ்ச நேரம். தோள் குலுங்குவது போல இருந்தது. என்னால் முடியவில்லை. இரண்டு அடி முன்னால் போய்க் குனிந்து கையை நீட்டினேன்.

தரையிலிருந்து, நெற்றியை எடுக்காமலே, நிதானமான ஒரு குரல் வந்தது. பிளாட்பார அறிவிப்பு மாதிரி.

"கவனிக்கவும். அவரைத் தூக்க வேண்டாம்."

கூடம் முழுக்கச் சிரித்தது. பெரியம்மாவும் சிரித்தாள், அந்த வருஷத்தில் நான் முதல் தடவை பார்த்த சிரிப்பு. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். அப்பா ஒரு முழங்காலுக்கு வந்தார், மூச்சு வாங்கினார், பக்கத்தில் இருந்த பெரியப்பாவின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார், எழுந்தார். முகம் நனைந்திருந்தது.

"நாலாவது" என்றார், படத்தைப் பார்த்து.